தோட்டத்து வீட்டுக்கு ஒரு பத்திரமான கணினி: வாங்குவதும் தயார்படுத்துவதும்

லெப்டொப் வாங்கப் போகிறவர்கள் வழக்கமாகக் கேட்பது இரண்டுதான்: ரேம் எவ்வளவு, விலை எவ்வளவு. கேட்க வேண்டியதுதான். ஆனால் அந்தப் பெட்டிக்குள் ஆறு மாதத்தில் என்னென்ன போய்ச் சேரும் என்று ஒருதடவை யோசித்துப் பாருங்கள். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டையின் இரண்டு பக்கமும், குவைத்துக்கு வேலைக்குப் போன அக்காவின் பாஸ்போர்ட் பிரதி, வங்கிக் கணக்கு, ஏ.எல். எழுதும் தம்பியின் பாடக் குறிப்புகள், கல்யாண வீட்டுப் படங்கள், வீட்டாருடைய வட்ஸ்அப். அலுமாரியில் சேலைக்கு அடியில் மடித்து வைத்த கடதாசிகள் எல்லாம் இப்போது இதற்குள்தான் இருக்கின்றன.

ஆகவே வாங்குமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இதையெல்லாம் யார் பார்த்துவிடக் கூடாது என்பது. ஏதோ நாட்டிலிருக்கும் ஹேக்கர் ஒருவர் நம்மையே குறிவைப்பார் என்று நினைத்துப் பயப்படத் தேவையில்லை. ஹட்டனிலோ பண்டாரவளையிலோ இருக்கும் ஒரு சாதாரண வீட்டுக்கு வரும் ஆபத்து பெரும்பாலும் பக்கத்திலிருந்துதான் வரும்: ரிப்பேருக்குக் கொடுத்த கடை, பிரின்ட் எடுக்கப் போன கொமியூனிகேஷன், பஸ்ஸில் தொலைந்த பை, "ஒரு பாட்டு மட்டும் ஏத்தித் தாங்க" என்று வந்த பென் டிரைவ். தூரத்திலிருந்து வருவது யாரையும் குறிவைக்காமல் வலை வீசும் திருட்டு மென்பொருள். இவை பாதுகாப்பின் பக்கம். அந்தரங்கத்தின் பக்கம் வேறு ஆட்கள் இருக்கிறார்கள்: நாமே உள்ளே விட்ட விளம்பரக் கம்பெனிகள், தேவைக்கு மேல் நம்மைப் பற்றிக் குறிப்பெடுப்பவர்கள். இரண்டு பக்கத்தையும் சமாளிக்க அதிகச் செலவு இல்லை. எட்டு வருடப் பழைய லெப்டொப்பில் ஒழுங்கான சிஸ்டம் (விண்டோஸ் மாதிரி, கணினியையே ஓட்டும் அடிப்படை மென்பொருள்) இருந்தால், அது கிராக் விண்டோஸ் போட்ட புத்தம் புதிய லெப்டொப்பைவிட எவ்வளவோ மேல். இந்தக் கட்டுரையில் நான் வற்புறுத்துவது அதைத்தான்.

கிராக் விண்டோஸில் என்ன குறை?

"எல்லாம் போட்டுத் தாறோம்" என்று சொல்லும் கடையில், போட்டுத் தருவது பெரும்பாலும் காசு கொடுக்காத விண்டோஸ். அதை இயங்கவைக்க, கிராக் என்ற ஒரு சின்ன மென்பொருளை ஓட்டுவார்கள். ஓட்டும்போது அது முதலில் கேட்பது, வைரஸ் காவலை நிறுத்து என்று. அடுத்துக் கேட்பது, கணினியின் முழு அதிகாரத்தையும் தா என்று. இரண்டையும் கொடுத்துவிட்ட பிறகு அது உள்ளே வேறென்ன செய்தது என்பது கடைக்காரருக்கே தெரியாது. 2021 இல் கிரிப்ட்பொட் என்ற திருட்டு மென்பொருள், கேஎம்எஸ்பிகோ என்ற பிரபலமான கிராக்கின் பெயரில் வந்த பொதிகளுக்குள் ஒளிந்து பரவியது. அதன் வேலை, பிரவுசரில் சேமித்திருக்கும் பாஸ்வேர்ட்களைப் பொறுக்கிக்கொண்டு போவது.

இன்னொரு கேடு சத்தமில்லாமல் நடக்கும். கிராக் கலைந்துவிடும் என்று அப்டேட்டையும் நிறுத்தி வைத்துவிடுவார்கள். அப்டேட் என்றால் டேட்டா தின்னும் தொல்லை என்று நம்மிலும் பலர் நினைக்கிறோம். 2017 மே 12 இல் வொனாகிரை என்ற மென்பொருள் உலகம் முழுக்கக் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. இங்கிலாந்து மருத்துவமனைகள்கூட முடங்கின. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசொப்ட் அதே வருடம் மார்ச் 14 இலேயே வெளியிட்டிருந்தது. இடையில் இரண்டு மாதம் இருந்தது. அந்த அப்டேட்டைப் போட்டவர்களுக்கு அந்த ஓட்டை வழியாக எதுவும் நுழையவில்லை.

விண்டோஸ் 10 இன் காலம் 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. பதிவு செய்துகொண்ட வீட்டுப் பாவனையாளர்களுக்கு மேலும் ஒரு வருடம், 2026 ஒக்டோபர் 13 வரை, பாதுகாப்பு அப்டேட் தருவதாக அறிவித்தார்கள். அதனால் இப்போது கடையில் விண்டோஸ் 10 போட்டு ஒன்றைக் காட்டினால், கணினியை மட்டும் பாருங்கள். உள்ளிருக்கும் சிஸ்டத்தை எப்படியும் மாற்றத்தான் போகிறீர்கள்.

எந்த லெப்டொப்?

மேசைக் கணினி வேண்டாம், லெப்டொப்பே எடுங்கள். மின்சாரம் போய்ப் போய் வரும் இடத்தில், பற்றரி உள்ள கணினி பாதி வேலையில் செத்துப்போகாது. இரண்டாம் கையில் வாங்குவதென்றால், கம்பெனிகள் பாவித்துக் கழித்த திங்க்பேட், லட்டிட்யூட், எலீட்புக் போன்றவைதான் என் தேர்வு. பளபளப்பு இருக்காது. ஆனால் கீபோர்ட், பற்றரி, டிஸ்க் எல்லாம் மாற்றக் கிடைக்கும். விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச சிஸ்டமான லினக்ஸும் பெரிதாகச் சண்டை போடாது.

இன்டெல் என்றால் எண்ணைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஐ5-7200யூ என்று இருந்தால் ஏழாம் தலைமுறை. ஐ5-8250யூ என்றால் எட்டாம் தலைமுறை. ஐ5-1135ஜி7 என்று இருந்தால் பதினோராம் தலைமுறை. விண்டோஸ் 11 கிட்டத்தட்ட எட்டிலிருந்துதான் ஏற்கும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் வேண்டும். லினக்ஸ் போடுவதானால் ஐந்தாம், ஆறாம் தலைமுறையே தாராளம், விலையும் குறையும். ரேம் 8 ஜிபி இருக்கட்டும். டிஸ்க் கட்டாயம் எஸ்.எஸ்.டி, அதாவது சுழலும் பாகம் இல்லாத வேகமான வகை. பழைய ஹார்ட் டிஸ்க்கில் எதை ஓட்டினாலும் ஊர்ந்துதான் போகும்.

கடையிலேயே இரண்டு சோதனை செய்யுங்கள். பவர் போட்டதும் எப்1 அல்லது எப்2 ஐ, எச்பியில் எப்10 ஐத் தட்டி, விண்டோஸ் தொடங்குமுன் வரும் பயொஸ் என்ற அமைப்புத் திரைக்குள் போங்கள். பாஸ்வேர்ட் கேட்டால், பழைய கம்பெனியின் பூட்டு இன்னும் திறக்கவில்லை என்று அர்த்தம். கடைக்காரர் "அது ஒண்ணும் இல்ல" என்பார். வைத்துவிட்டு வந்துவிடுங்கள். அடுத்து, விண்டோஸை ரீசெட் செய்து வைஃபையில் இணைக்கச் சொல்லுங்கள். திரையில் ஏதோ ஒரு கம்பெனியின் பெயர் வந்து அலுவலக ஈமெயில் கேட்டால், அந்த லெப்டொப் பதிவில் இன்னும் அவர்களுடையதுதான். ரீசெட் முடியும்வரை காத்திருக்க அலுப்பாக இருக்கும். வேறு வேலை இருந்தால் முடித்துவிட்டு வாருங்கள். காசைக் கையில் வைத்திருக்கும்வரைதான் நம் பேச்சுக்கு மதிப்பு.

என்ன சிஸ்டம்?

பிரவுசர், வட்ஸ்அப், கடிதம், கணக்கு, சூம் வகுப்பு, படம் பார்ப்பது. இவ்வளவுதான் வேலை என்றால் லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட் போடுங்கள். இலவசம், களவு இல்லை, விளம்பரம் காட்டாது, கணக்கு திற என்று கேட்காது. விண்டோஸ் பழகியவருக்கு முகப்பும் அந்நியமாகத் தெரியாது. 22 ஆம் பதிப்பு வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு. ரேம் 4 ஜிபிதான் என்றால் மின்டின் எக்ஸ்எப்சிஇ என்ற இலேசான வகையை எடுங்கள், மற்றவர்களுக்கு சினமன் என்ற வகை. கடிதத்துக்கும் கணக்குக்கும் லிப்ரேஒபிஸ் கூடவே வரும்.

போட்டோஷொப், பேஜ்மேக்கர், இல்லையென்றால் விண்டோஸில் மட்டும் ஓடும் கணக்கு மென்பொருள் வேண்டும் என்பவர்கள் விண்டோஸ் 11 ஐயே வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனி லெப்டொப்கள் பலவற்றில் உண்மையான லைசென்ஸ் உள்ளேயே பதிந்திருக்கும். சுத்தமாக மீண்டும் நிறுவினால் அதுவே உயிர்பெறும். கூட வரும் டிபெண்டர் என்ற வைரஸ் காவல் போதும், தனியாக வைரஸ் கார்ட் வாங்கவேண்டியதில்லை. நிறுவும்போது வரும் இடம், விளம்பரம், கண்டறிதல் தரவு பற்றிய கேள்விகளுக்கெல்லாம் 'வேண்டாம்' சொல்லுங்கள். அந்தரங்கம் என்று பார்த்தால் லினக்ஸுக்கு அடுத்த இடம்தான், ஆனாலும் கிராக்குடன் ஒப்பிட முடியாத உயரம்.

மின்ட் நிறுவும் விதம் இதுதான். கோப்பு கிட்டத்தட்ட 3 ஜிபி, இரவு டேட்டாவில் இறக்குங்கள். அதிகாரபூர்வத் தளத்திலிருந்து மட்டும் எடுக்க வேண்டும். கடையிலிருக்கும் பிரதி வேண்டாம். இறங்கிய கோப்பு யாரும் கைவைக்காத அசல்தானா, பாதியில் அறுந்ததா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொரு கோப்புக்கும் கணக்கிட்டு எடுக்கும் 64 எழுத்துக் கைரேகை ஒன்று உண்டு, எஸ்ஹெச்ஏ-256 என்று பெயர். கோப்பில் ஒரே ஒரு புள்ளி மாறினாலும் கைரேகை முழுசாக மாறிவிடும். விண்டோஸில் 7-ஜிப் இருந்தால், கோப்பின்மேல் வலது கிளிக் செய்தால் அந்தக் கணக்கைக் காட்டும். அதைக் கொப்பி செய்து, மின்ட் தளத்தில் கைரேகைகள் போட்டிருக்கும் பக்கத்தைத் திறந்து, கண்ட்ரோலும் எப்பும் சேர்த்து அழுத்தினால் வரும் பிரவுசரின் தேடல் பெட்டியில் பேஸ்ட் செய்யுங்கள். அதே கோப்பின் பெயருக்கு நேராக அகப்பட்டால் சரி. இந்த இரண்டு நிமிட வேலையை யாரும் செய்வதில்லை.

அப்புறம் ரூபஸ் அல்லது எட்சர் என்ற மென்பொருள் கொண்டு 8 ஜிபி பென் டிரைவில் எழுதி, அதிலிருந்து கணினியைத் தொடக்குங்கள். லெனோவோவிலும் டெல்லிலும் எப்12, எச்பியில் எப்9. டிஸ்க்கைத் தொடாமலே மின்ட் திரையில் வந்துவிடும். வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, கமரா வேலை செய்கிறதா என்று எல்லாம் பாருங்கள். மின்ட் உங்களுக்குப் பிடிக்கவில்லையென்றால் பென் டிரைவைப் பிடுங்கிவிட்டால் பழையபடி ஆகிவிடும்.

பூட்டு எங்கே விழ வேண்டும்?

நிறுவும்போது 'டிஸ்க்கை அழித்து நிறுவு' என்ற படியில் மேலதிக வசதிகள் என்ற பொத்தான் ஒன்று இருக்கும். பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அதைத் திறந்து, முழு டிஸ்க்கையும் மறைகுறியாக்கும் தெரிவைக் கட்டாயம் இடுங்கள். காரணம் இதுதான். திரையில் கேட்கும் சாதாரண பாஸ்வேர்ட், லயத்து அறையின் கதவுப் பூட்டு மாதிரி. பழைய லயங்களில் நடுச்சுவர் கூரைவரை போகாது. பூட்டைத் தொடாமலே ஒருவர் அந்தப் பக்கம் இறங்கிவிடலாம். மறைகுறியாக்காத டிஸ்க்கும் அப்படியே. கழற்றி வேறு கணினியில் மாட்டினால், உங்கள் பாஸ்வேர்ட் எதையும் கேட்காமலே படங்கள் எல்லாம் திறக்கும். மறைகுறியாக்கினால் டிஸ்க்கில் இருப்பது வெறும் குப்பை எண்கள். உங்கள் சொற்றொடர் இல்லாமல் அவை படங்களாகாது. விண்டோஸ் 11 இல் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' என்று தேடிப் பாருங்கள். அதன் மீட்புச் சாவி மைக்ரோசொப்ட் கணக்கில் சேமிக்கப்படும். அதை ஒரு தாளிலும் எழுதி வையுங்கள்.

சொற்றொடர் என்று சொன்னது வேண்டுமென்றுதான். குலதெய்வத்தின் பெயரும் பிறந்த வருடமும் சேர்ந்தது பாஸ்வேர்ட் ஆகாது; ஊரில் பாதிப் பேருக்கு இரண்டும் தெரியும். டைஸ்வேர் என்ற முறையில், பகடையை ஐந்து தடவை உருட்டினால் 7,776 சொற்களுள்ள பட்டியலிலிருந்து ஒரு சொல் கிடைக்கும். அப்படி ஆறு சொல் எடுத்தால் சாத்தியங்களின் எண்ணிக்கை 22 க்குப் பின்னால் 22 சைபர் போடுமளவுக்கு வரும். பகடை இல்லாவிட்டால் அகராதியைக் கண்ணை மூடி ஆறு இடத்தில் பிரித்து, விரல் பட்ட சொற்களை எடுங்கள். பிடித்த சொற்களாகப் பொறுக்கக் கூடாது. தமிழ்ச் சொற்களாக இருக்கலாம், ஆனால் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். கணினி தொடங்கும்போது வரும் அந்தத் திரையில் தமிழ் கீபோர்ட் இருக்காது. மறந்தால் யாராலும் மீட்டுத் தர முடியாது. கடையாலும் முடியாது, மின்டைச் செய்தவர்களாலும் முடியாது. ஆகவே ஒரு தாளில் எழுதி, பிறப்புச் சான்றிதழ்களோடு வையுங்கள். லெப்டொப் பையில் மட்டும் வைக்காதீர்கள்.

மற்றப் பாஸ்வேர்ட் எதையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. அவற்றைப் பூட்டி வைத்திருக்கும் செயலி ஒன்று போடுங்கள்: பிட்வோர்டன் அல்லது கீபாஸ்எக்ஸ்சி, இரண்டும் இலவசம். முதலாவதில் சேமித்தது போனிலும் லெப்டொப்பிலும் தானாக வந்துவிடும். இரண்டாவது இணையமே இல்லாமல் ஒரே கோப்பில் இருக்கும். ஒவ்வொரு தளத்துக்கும் வெவ்வேறு பாஸ்வேர்டை அதுவே உண்டாக்கித் தரட்டும். ஈமெயிலுக்கும் பேஸ்புக்குக்கும் இரண்டாம் கட்ட உறுதிப்படுத்தலை (பாஸ்வேர்டுக்கு மேல் ஒரு எண்ணும் கேட்பது) போடும்போது, எஸ்.எம்.எஸ்ஸுக்குப் பதிலாக ஏஜிஸ் போன்ற செயலியைத் தெரிவுசெய்யுங்கள். தேயிலை மலையின் மடிப்பில் சிக்னல் இல்லாமல் எஸ்.எம்.எஸ்ஸுக்காக மேட்டில் ஏறி நின்றவர்களுக்கு இதன் அருமை தெரியும். செயலி தன்னிடமிருக்கும் இரகசிய எண்ணையும் அப்போதைய நேரத்தையும் சேர்த்து, 30 செக்கனுக்கு ஒருமுறை ஆறு இலக்கத்தைத் தானே கணக்கிடுகிறது. அதற்கு சிக்னலும் வேண்டாம், டேட்டாவும் வேண்டாம்.

வீட்டில் நாலு பேர் ஒரே லெப்டொப்பைப் பாவிப்பதானால் நாலு கணக்குத் திறங்கள். அதிகாரமுள்ள கணக்கு ஒருவருக்கு மட்டும். அண்ணனின் படத்தைத் தங்கச்சி பார்க்கக் கூடாது என்பதைவிட, தம்பி தெரியாமல் இறக்கிய கேம் முழுக் கணினியையும் பிடித்துக்கொள்ளக் கூடாது என்பதே இதில் முக்கியம்.

ரிப்பேர் கடையும் கொமியூனிகேஷனும்

திரை உடைந்துவிட்டது, டவுனில் கடையில் கொடுக்கிறீர்கள். "பாஸ்வேர்ட் சொல்லிட்டுப் போங்க" என்பார்கள். சொல்லாதீர்கள். திரை, கீபோர்ட், சார்ஜிங் பிளக் எதைச் சரிபார்க்கவும் உங்கள் கோப்புகள் தேவையில்லை. நிறுவப் பாவித்த அதே மின்ட் பென் டிரைவைக் கொடுத்து, "இதில் ஓட்டிப் பாருங்க அண்ணே" என்றால் போதும். அதிலேயே எல்லாம் பரிசோதிக்கலாம், டிஸ்க் பூட்டியபடியே இருக்கும். சந்தேகம் என்றால் எஸ்.எஸ்.டி ஐக் கழற்றி வைத்துக்கொண்டு கொடுங்கள். பெரும்பாலான கம்பெனி லெப்டொப்களில் பின்மூடியைத் திறந்தால் ஓரிரு ஆணியில் நிற்கும். பெண்பிள்ளைகளின் படங்கள் ரிப்பேர் கடையிலிருந்து வெளியே போகும் என்ற பயம் நம் வீடுகளில் இருக்கிறது. அதற்கு மருந்து, படம் எடுக்காதே என்று பிள்ளையைத் திட்டுவது இல்லை. டிஸ்க்கைப் பூட்டி வைப்பதுதான்.

கொமியூனிகேஷனில் பிரின்ட் எடுக்க, அவர்கள் கணினியில் உங்கள் ஈமெயிலைத் திறக்காதீர்கள்; அவர்கள் வட்ஸ்அப்புக்கும் அனுப்பாதீர்கள். தேவையான பிடிஎப்பை மட்டும் ஒரு வெறும் பென் டிரைவில் கொண்டுபோய், முடிந்ததும் அவர்கள் டவுன்லோட் பகுதியில் பிரதி தங்கியிருந்தால் அழித்துத் தரச் சொல்லுங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை. அடையாள அட்டை எண்ணில் பிறந்த வருடமும், வருடத்தின் எத்தனையாவது நாள் என்பதும், ஆணா பெண்ணா என்பதும் அடங்கியிருக்கிறது. பெண்களுக்கு நாள் எண்ணோடு 500 கூட்டியிருப்பார்கள். தெரிந்தவர் பார்த்தால் ஒரே பார்வையில் வாசித்துவிடுவார். வெளியே எங்காவது வட்ஸ்அப் வெப் திறந்திருந்தால், போனில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' போய் வெட்டிவிடுங்கள். வீட்டுக்கு வந்த பிறகும் வெட்டலாம்.

பிரவுசர், வீபீஎன், தமிழ்த் தட்டச்சு

பயர்பொக்ஸும் அதில் யூபிளொக் ஒரிஜினும் போடுங்கள். விளம்பரமும் பின்தொடரும் நிரல்களும் இறங்காததால் அந்தரங்கமும் மிஞ்சும், டேட்டாவும் மிஞ்சும். குரோமில் இப்போது யூபிளொக்கின் மெலிந்த வடிவம்தான் ஓடும்.

2018 மார்ச்சில் கண்டிக் கலவரத்தின்போதும், 2019 ஏப்ரலிலும், 2022 ஏப்ரலிலும் சமூக ஊடகங்களை முடக்கியபோது, கையில் அகப்பட்ட இலவச வீபீஎன்னைப் பலர் போனில் ஏற்றினார்கள். அது இன்னும் அப்படியே கிடக்கும், பாருங்கள். நீங்கள் எந்தெந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பதை உங்கள் இணையக் கம்பெனியிடமிருந்து மறைத்து வீபீஎன்காரரிடம் ஒப்படைப்பதுதான் அது செய்யும் வேலை. காசு வாங்காத, பெயர் தெரியாத ஒருவரை நம்ப என்ன காரணம் இருக்கிறது? தளங்கள் இன்று பெரும்பாலும், வழியில் யாரும் படிக்க முடியாத எச்டிடிபிஎஸ் பூட்டில் வருவதால், வங்கி வேலைக்கு வீபீஎன் தேவையுமில்லை.

தமிழ்த் தட்டச்சு மென்பொருள் நாம் தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் பார்க்கும், பாஸ்வேர்ட் உட்பட. ஆகவே எங்கிருந்தோ இறக்கியதைப் போடாமல், மின்டிலும் விண்டோஸ் 11 இலும் கூடவே வரும் தமிழ்99 கீபோர்ட் முறையைப் பழகிக்கொள்ளுங்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த மனுவை யூனிகோடுக்கு மாற்ற இணையத்தில் ஒட்டுபவர்கள், அதிலுள்ள பெயர், முகவரி, அடையாள எண்களை மாற்றிக்கொடுக்கும் தளத்துக்கும் சேர்த்தே அனுப்புகிறார்கள். அவற்றை நீக்கிவிட்டு ஒட்டுங்கள்.

இடியும் மண்ணும்

திருடன் கொண்டுபோனாலும் இடி கொண்டுபோனாலும் கோப்பு போனது போனதுதான். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரத்தில் இடி முழங்கத் தொடங்கினால் சார்ஜரைப் பிடுங்குங்கள். ரூட்டரின் மின்கம்பியோடு தொலைபேசிக் கம்பியையும் பிடுங்க வேண்டும். அந்த வழியாகவும் வரும். நுவரெலியாப் பக்கத்து ஈரத்துக்கு, பழைய டிஸ்க்கை மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைப்பது நல்லது.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலில் மண்சரிந்து வீடுகளே போயின. பிரதி எடுத்த டிஸ்க்கும் அதே அறையில் இருந்தால் அது பிரதி ஆகாது. வெளி டிஸ்க் இரண்டு வாங்குங்கள். மின்டில் 'டிஸ்க்ஸ்' என்ற செயலியில் பாஸ்வேர்ட் பாதுகாப்போடு போர்மட் செய்து, ஒன்றை வீட்டிலும் மற்றதை வேறு ஊரிலிருக்கும் மாமா வீட்டிலோ அக்கா வீட்டிலோ வையுங்கள். பூட்டியிருப்பதால் அவர்கள் வீட்டில் யார் எடுத்தாலும் கவலையில்லை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் போகும்போது இரண்டையும் மாற்றிக்கொண்டு வரலாம். மின்டோடு வரும் டைம்ஷிப்டை நம்பி இருந்துவிடாதீர்கள். அது சிஸ்டத்தை மீட்கத்தான். சாதாரணமாக உங்கள் படங்களையும் கடிதங்களையும் அது தொடுவதில்லை. பிரதி எடுத்த அன்றே அதிலிருந்து இரண்டு மூன்று கோப்பைத் திறந்து பாருங்கள், திறக்கிறதா என்று.